பெயரைக் கொடுக்கும் முன்: தொழிலின் கடன் யார் தலையில் விழும்?

"சும்மா பேருக்குத்தான், இங்கே ஒரு கையெழுத்துப் போடு." தொழில் தொடங்கும் வீடுகளில் இந்தப் பேச்சு எழாமல் இருப்பது அபூர்வம். மனைவி பெயரில் ஜிஎஸ்டி எடுப்பார்கள். பார்ட்னர்ஷிப்புக்கு இரண்டாவது ஆள் வேண்டுமே என்று தம்பியைச் சேர்ப்பார்கள். பிரைவேட் லிமிடெட்டுக்கு இரண்டு டைரக்டர் தேவை என்பதால் அம்மாவின் ஆதார், பான், போட்டோ எல்லாம் ஆடிட்டர் ஆபீசுக்குப் போகும். தொழில் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. சரக்குக் கொடுத்தவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வரும்போதுதான் உறையின் மேல் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

இந்தியச் சட்டத்தில் "பேருக்கு" என்றொரு பதவி கிடையாது. புரோப்ரைட்டர் என்று எழுதியிருந்தால் அவர்தான் முதலாளி. பார்ட்னர் என்று இருந்தால் மொத்தக் கடனுக்கும் அவர் பொறுப்பு. கடைக்கு ஒரு நாளும் போனதில்லை என்று சொல்வது சில இடங்களில் கொஞ்சம் உதவும், பல இடங்களில் உதவவே உதவாது.

எந்த வடிவத்துக்கு எவ்வளவு வரி, எவ்வளவு பதிவுச் செலவு என்ற ஒப்பீடுகள் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. நஷ்டம் வந்தால் கடன் கொடுத்தவர் யாருடைய சொத்தைத் தொடலாம் என்ற ஒரு கேள்வியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

தனியுரிமை

புரோப்ரைட்டர்ஷிப்புக்கென்று தனிச் சட்டம் இல்லை. பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் அது உரிமையாளரின் இன்னொரு பெயர்தான். பான் எண் அவருடையது, வருமானம் அவருடைய சொந்த ரிட்டர்னில் வரும், கடன் அவருடைய சொந்தக் கடன். ஜிஎஸ்டி பதிவு, சிறுதொழில்களுக்கான உதயம் பதிவு, நடப்புக் கணக்கு ஆகியவை எல்லாம் இருந்தாலும் தொழிலுக்குத் தனி உயிர் வந்துவிடாது. இந்தப் பதிவுகளால் தன் வீடு பாதுகாக்கப்படுகிறது என்று நம்புகிறவர்கள் நிறைய பேர். பாதுகாக்கப்படாது.

வழக்கிலும் இது தெரியும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 30-ஆம் ஆணை, 10-ஆம் விதிப்படி கடையின் பெயரிலேயே உரிமையாளர் மீது வழக்குப் போடலாம். ஆனால் கடையின் பெயரில் மட்டும் அவர் வழக்குப் போட முடியாது. தன் பெயரைப் போட்டு, "இன்ன பெயரில் தொழில் செய்து வருபவர்" என்று சேர்த்துத்தான் தாக்கல் செய்ய வேண்டும். பாக்கி வசூலுக்கு நோட்டீஸ் அனுப்பும்போதே இப்படி எழுதிவிட்டால், பிறகு மனுதாரர் பெயரில் ஆட்சேபம் எழாது.

தீர்ப்பு எதிராக வந்தால் எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்பதை அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரங்கள், கட்டில், படுக்கை, மதவழக்கப்படி ஒரு பெண் தன்னிடமிருந்து பிரிக்கக் கூடாத நகை, கைவினைஞரின் கருவிகள், விவசாயி குடியிருக்கும் வீடு என்று அது போகும். அந்தப் பட்டியலை ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது. சட்டம் எவ்வளவு கீழே இறங்கி வந்து "இதையாவது விட்டுவிடு" என்று சொல்கிறது என்று பார்த்தால், அதற்கு மேலே இருப்பதெல்லாம் எந்த நிலையில் இருக்கிறது என்பது புரியும். விவசாயி அல்லாத ஒருவரின் சொந்த வீடு பொதுவாக அந்தப் பட்டியலில் இல்லை. கடன் முற்றிய பிறகு வீட்டை மனைவி பெயருக்கு செட்டில்மென்ட் எழுதி வைத்தாலும் காப்பாற்றாது. கடன் கொடுத்தவரை ஏமாற்றும் எண்ணத்தோடு செய்த சொத்து மாற்றத்தை, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின் கீழ் அவர் ரத்து செய்யக் கேட்கலாம்.

இப்போது மனைவி பெயரில் நடக்கும் தொழிலுக்கு வருவோம். கணவர் நடத்துகிறார், காகிதத்தில் மனைவி புரோப்ரைட்டர். ஜிஎஸ்டி நோட்டீஸ் மனைவிக்கு வரும். செக் திரும்பினால், அது அவருடைய கணக்கு, அவருடைய கையெழுத்து என்பதால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவு வழக்கும் அவர் மீதுதான். "வசதிக்காக" செக் புத்தகம் முழுவதும் கையெழுத்துப் போட்டுக் கணவரிடம் கொடுத்து வைப்பது இந்த ஏற்பாட்டிலேயே மிக ஆபத்தான பகுதி. கையெழுத்திட்டு மனமுவந்து கொடுத்த வெற்றுச் செக்கை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுத்ததாகவே அனுமானிக்கப்படும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. அந்த அனுமானத்தை உடைக்க வேண்டிய சுமை கையெழுத்துப் போட்டவருடையது.

செக் வழக்கின் கால வரிசையைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலமாக நோட்டீஸ் வர வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள். அதிலும் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த 15 நாள்தான் விஷயத்தை நீதிமன்றத்துக்கு வெளியே முடிக்க இருக்கும் வாசல். பெயர் கொடுத்தவர் வீட்டில் இருந்து, நோட்டீஸ் கடை முகவரிக்குப் போய், அங்கே யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கி மேசை டிராயரில் வைத்துவிட்டால், அந்த வாசல் அவருக்குத் தெரியாமலேயே மூடிவிடும்.

தொழிலை மூடினால் பலகையைக் கழற்றுவதோடு வேலை முடிவதில்லை. ஜிஎஸ்டி ரத்துக்கு 30 நாளுக்குள் விண்ணப்பித்து, பிறகு இறுதி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-10-ஐ 3 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். பதிவு ரத்தானாலும் அதற்கு முந்தைய காலத்து வரிக்கான பொறுப்பு போகாது. வங்கிக் கணக்கை முடிக்கும்போது மீதி செக் தாள்களை எண்ணித் திருப்பிக் கொடுத்து, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் இறந்துவிட்டால் அவருடைய கடனுக்கு வாரிசுகள் பொறுப்பு, ஆனால் அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு மட்டும். தொழிலைத் தொடர்ந்து நடத்தினால் ஜிஎஸ்டியில் நிலைமை மாறும்; தொடரும் வாரிசு பழைய வரிப் பாக்கிக்கும் பொறுப்பாகிறார். தொடர்வதா விடுவதா என்று முடிவெடுக்கும் முன் பாக்கிக் கணக்கைப் பாருங்கள். தொடர்வதென்றால் தன் பானில் புதுப் பதிவு எடுத்து, மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டிக்கான வரவு) ஐடிசி-02 படிவம் மூலம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

(இந்துக் கூட்டுக் குடும்பத் தொழிலில் கர்த்தாவின், அதாவது குடும்பத் தலைவரின், பொறுப்புக்கு வரம்பில்லை. மற்ற பங்காளிகளுக்குக் குடும்பச் சொத்தில் தங்கள் பங்கு வரைதான். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.)

பார்ட்னர்ஷிப்: உள்ளே வருவது எளிது

மக்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் நல்ல தெளிவான சட்டம். படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் பிரச்சினை.

மூன்று பேர், சமபங்கு. நிறுவனத்துக்குக் கடன் 30 லட்சம், சொத்தை விற்றால் வருவது 6 லட்சம். மீதி 24 லட்சம். ஆளுக்கு 8 என்றுதான் எல்லோரும் மனதில் கணக்குப் போடுவார்கள். 25-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு பார்ட்னரும் மற்றவர்களோடு சேர்ந்தும் தனித்தும் முழுக் கடனுக்குப் பொறுப்பு. யாரிடம் வீடு இருக்கிறதோ அவர் ஒருவரிடமே 24 லட்சத்தையும் கேட்கலாம். கட்டியவர் மற்ற இருவரிடமும் 16 லட்சத்தைத் திரும்பக் கேட்கலாம்தான், அவர்களிடம் இருந்தால். ஆக மூவரில் அதிக சொத்து உள்ளவர்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார். லாபத்தில் 5 சதவீதம் மட்டும் வாங்கிக்கொண்டு பணம் மட்டும் போட்டு நிர்வாகத்தில் தலையிடாத ஸ்லீப்பிங் பார்ட்னருக்கும் இதே விதிதான்.

நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில் ஒருவருக்கு "பார்ட்னர்" என்று தனியாகச் சம்மன் வந்து, அவர் ஆஜராகாமல் விட்டால், அந்தத் தீர்ப்பை அவருடைய சொந்தச் சொத்தின் மீதும் நிறைவேற்றலாம். "இது அண்ணன் பார்த்துக்கொள்வார்" என்று சம்மனை ஒதுக்கிவைக்கவே கூடாது.

ஒரு பார்ட்னர் வழக்கமான தொழில் முறையில் செய்வது எல்லோரையும் கட்டும். "ஐம்பதாயிரத்துக்கு மேல் சரக்கு எடுத்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்" என்று பத்திரத்தில் எழுதியிருக்கலாம். அந்த விதி தெரியாமல் சரக்குக் கொடுத்தவரை அது கட்டாது என்கிறது 20-ஆம் பிரிவு. எனவே கட்டுப்பாட்டைப் பத்திரத்துக்குள் பூட்டி வைத்துப் பயனில்லை. வங்கிக்கு "இருவர் கையெழுத்தும் சேர்ந்தால்தான் செல்லும்" என்று எழுத்தில் கொடுங்கள். வாடிக்கையாகச் சரக்குத் தரும் இடங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பி, பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். மறுபக்கம், சில காரியங்களை ஒரு பார்ட்னர் தனியாகச் செய்தால் அது நிறுவனத்தைக் கட்டாது. நிறுவனத்துக்காக நிலம் வாங்குவது, நிறுவனத்தின் நிலத்தை விற்பது, வழக்கில் பொறுப்பை ஒப்புக்கொள்வது, நிறுவனத்தின் கோரிக்கையைச் சமரசம் செய்வது ஆகியவை 19-ஆம் பிரிவில் உள்ளன.

பத்திரம் மௌனமாக இருந்தால் சட்டம் பேசும். ஒருவர் 20 லட்சமும் இன்னொருவர் 2 லட்சமும் போட்டிருந்தாலும், பங்கு எழுதப்படாவிட்டால் லாப நஷ்டம் சமம். முழுநேரமும் உழைப்பவருக்குச் சம்பளம் என்று எழுதாவிட்டால் சம்பளம் கிடையாது. வருமான வரியிலும் பார்ட்னர் சம்பளத்தையும் முதலீட்டு வட்டியையும் செலவாகக் கழிக்க, பத்திரம் அதை அனுமதித்திருக்க வேண்டும். முதலீட்டு வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் வரைதான் கழிவு கிடைக்கும்.

பதிவு கட்டாயமில்லை என்று சொல்லிப் பலர் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் செய்யும் சின்ன வேலை அது. செய்யாவிட்டால் 69-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: பதிவாகாத நிறுவனம், ஒப்பந்தப்படி வர வேண்டிய பாக்கிக்கு வெளியாள் மீது வழக்குப் போட முடியாது. வெளியாள் அதன் மீது போடலாம். பார்ட்னர் ஒருவர் மற்றவர் மீது ஒப்பந்த உரிமையை வைத்து வழக்குப் போடவும் முடியாது; நிறுவனத்தைக் கலைக்கவோ, கலைந்த நிறுவனத்தின் கணக்குக் கேட்கவோ மட்டும் போடலாம். வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் அந்த வழக்கு பிழைக்காது. இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வழக்குப் போடும் பார்ட்னர்களின் பெயர்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும். இடையில் புதிதாக ஒருவர் சேர்ந்து, பத்திரம் திருத்தி, பதிவாளரிடம் சொல்லாமல் விட்டிருந்தால், பதிவான நிறுவனமே சிக்கும்.

இரண்டே பேர் உள்ள நிறுவனத்தில் ஒருவர் இறந்தால் நிறுவனம் கலைந்துவிடும். "இறந்தாலும் தொடரும்" என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும், ஒருவர் மட்டும் மிஞ்சினால் கூட்டாண்மை என்று சொல்ல எதுவும் இல்லை. தொடர வேண்டும் என்று நினைப்பவர்கள் மூன்றாவது ஒருவரைச் சேர்ப்பதுண்டு. அப்போதுதான் "பேருக்கு ஒரு ஆள்" உள்ளே வருகிறார். அந்த ஆளிடம் மேலே சொன்ன 24 லட்சக் கணக்கைக் காட்டிய பிறகு கையெழுத்துக் கேளுங்கள்.

18 வயதாகாத பிள்ளையைப் பலன் பெறுபவராக மட்டும் சேர்க்கலாம். அவருடைய சொந்தச் சொத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் 18 நிறைந்த பிறகு (அல்லது தான் சேர்க்கப்பட்டிருப்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, எது பிந்தியதோ அதிலிருந்து) 6 மாதத்துக்குள் "நான் பார்ட்னர் ஆகவில்லை" என்று பொது அறிவிப்புக் கொடுக்காவிட்டால் பார்ட்னராகிவிடுவார். அதோடு, ஆரம்பத்தில் பலனுக்குச் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து நடந்த எல்லாவற்றுக்கும் பொறுப்பாளியும் ஆவார். கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு இது தெரியவே வாய்ப்பில்லை. வீட்டில் சொல்ல வேண்டும்.

வெளியேறும் கதவு

பார்ட்னர்ஷிப்பில் இருந்து விலகுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது ஒன்று: முத்திரைத்தாளில் விலகல் பத்திரம் எழுதி, கணக்கு முடித்து, ஆளுக்கொரு நகல் வாங்கிக்கொண்டு போவது. அந்தப் பத்திரம் பார்ட்னர்களுக்குள் செல்லும். வெளியுலகத்துக்கு அவர் இன்னும் பார்ட்னர்தான். 32-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவுப்படி, பொது அறிவிப்பு வரும்வரை அவர் விலகிய பிறகு நிறுவனம் வாங்கும் கடனுக்கும் அவர் பொறுப்பு. அவர் பார்ட்னர் என்பதே தெரியாமல் நிறுவனத்தோடு வரவு செலவு வைத்தவரிடம் மட்டும் இந்தப் பொறுப்பு இல்லை.

பொது அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை 72-ஆம் பிரிவு சொல்கிறது. பதிவான நிறுவனமென்றால் மூன்றும் வேண்டும்: பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழில் வெளியீடு, தொழில் நடக்கும் மாவட்டத்தில் புழங்கும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலாவது வெளியீடு. ஆங்கில நாளிதழில் மட்டும் விளம்பரம் கொடுத்தால் போதாது. பதிவாகாத நிறுவனத்துக்குப் பதிவாளர் தவிர மற்ற இரண்டும். அரசிதழ் வேலை இழுக்கும் என்று விட்டுவிடுகிறார்கள், இழுத்தாலும் முடித்தே ஆக வேண்டும். விளம்பரத்தில் நிறுவனத்தின் பெயர், முகவரி, பதிவு எண், விலகுபவர் பெயர், விலகிய தேதி தெளிவாக இருக்கட்டும்.

இது முடிந்தாலும் இரண்டு பாக்கி. ஒன்று ஜிஎஸ்டி. பார்ட்னர் மாற்றத்தைப் போர்ட்டலில் 15 நாளுக்குள் திருத்த வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். அதோடு, மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 90-ஆம் பிரிவுப்படி விலகிய தேதியை ஆணையருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தெரிவித்தால், விலகிய தேதி வரையிலான வரி, வட்டி, அபராதத்துக்குத்தான் பொறுப்பு. தெரிவிக்காவிட்டால், தகவல் ஆணையரைச் சென்றடையும் நாள் வரை பொறுப்பு நீளும். அதாவது மூன்று ஆண்டுக்கு முன் விலகியவருக்கும் இந்த ஆண்டு வரிப் பாக்கிக்கு நோட்டீஸ் வரலாம். அறிவிப்பைக் கொடுக்க நிறுவனத்தை நம்பி இருக்க வேண்டாம். விலகுபவரே கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது வங்கி. விலகும் நாளில் இருந்த கடனுக்குப் பொறுப்பு தானாக விலகாது. வங்கியும், மீதிப் பார்ட்னர்களும், விலகுபவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டு விடுவித்தால்தான் உண்டு. அந்த விடுவிப்புக் கடிதம் கைக்கு வராமல் தன் பங்குப் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்புவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எல்எல்பி

எல்எல்பி என்பது வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை. 2008-ஆம் ஆண்டின் சட்டம் கொண்டுவந்த இந்த வடிவம், மேலே சொன்ன பயத்தில் பெரும்பகுதியை நீக்குகிறது. சட்டத்தின் கண்ணில் எல்எல்பி தனி நபர். ஒவ்வொரு பார்ட்னரும் எல்எல்பிக்கு முகவர், மற்ற பார்ட்னர்களுக்கு அல்ல. ஒருவர் செய்த தவறுக்கு இன்னொருவரின் வீடு போகாது. தன் சொந்தத் தவறுக்கு அவரவர் பொறுப்பு. கடன் கொடுத்தவரை ஏமாற்றவே நடத்தியிருந்தால் அதற்கு உடந்தையானவர்களுக்கு வரம்பில்லாப் பொறுப்பு. குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் மிஞ்சி, அது தெரிந்தும் 6 மாதத்துக்கு மேல் தொழில் நடத்தினால், அந்தக் காலத்துக் கடன் அவருடைய சொந்தக் கடனாகும்.

ஆண்டுக்கு இரண்டு தாக்கல் தவறாமல் வேண்டும்: மே 30-க்குள் படிவம் 11, அக்டோபர் 30-க்குள் படிவம் 8. வியாபாரமே நடக்காவிட்டாலும் இவை உண்டு. "ஒன்றும் ஓடவில்லை, எதற்குத் தாக்கல்" என்று விட்டவர்களுக்குத் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையோ முதலீடு 25 லட்சத்தையோ தாண்டினால் எல்எல்பி சட்டப்படி தணிக்கையும் கட்டாயம்.

பழைய பார்ட்னர்ஷிப்பை எல்எல்பியாக மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மாற்றத்துக்கு முன் வாங்கிய கடனுக்கும், முன்பே போட்ட ஒப்பந்தங்களிலிருந்து வரும் கடனுக்கும் பார்ட்னர்கள் சொந்தமுறையில் பொறுப்பாகவே நீடிப்பார்கள். வடிவம் மாறியதால் பழைய கடன் கழுவப்படாது. மாற்றம் பதிவான 14 நாளுக்குள் தொடங்கி 12 மாதம் வரை, அனுப்பும் அலுவல் கடிதங்களில் எல்லாம் "இது முன்பு இன்ன நிறுவனமாக இருந்து மாற்றப்பட்டது" என்ற குறிப்பு இருக்க வேண்டும். லெட்டர்ஹெட் அச்சடிக்கும்போதே அதைச் சேர்த்துவிடலாம்.

பிரைவேட் லிமிடெட், அதன் ஓட்டைகள்

1896-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு தோல் காலணித் தயாரிப்பாளரின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆரோன் சாலமன் தன் தொழிலைக் கம்பெனியாக்கி, 20,007 பங்குகளில் 20,001-ஐத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார். கம்பெனி நொடித்தபோது, இது அவரேதான், அவரே கட்டட்டும் என்று கடன் கொடுத்தவர்கள் தரப்பில் வாதிட்டார்கள். கம்பெனி வேறு, சாலமன் வேறு என்றது தீர்ப்பு. இந்தியக் கம்பெனிச் சட்டமும் அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. பங்குக்கான தொகையை முழுதும் கட்டிவிட்ட பங்குதாரர், கம்பெனியின் கடனுக்கு மேற்கொண்டு ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. ஒருநபர் கம்பெனியிலும் அப்படித்தான். அதில் கூடுதலாக, உறுப்பினர் இறந்தால் அவருடைய இடத்துக்கு வரும் நாமினி ஒருவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

அந்தச் சுவர் உறுதியானது. அதில் கதவு திறப்பது பெரும்பாலும் உள்ளே இருப்பவர்தான்.

கையெழுத்திலிருந்து தொடங்குகிறேன். கம்பெனி செக்கில் வலது கீழ் மூலையில் "ஃபார்" என்ற சொல்லும் கம்பெனியின் முழுப் பெயரும், அதன் கீழே கையெழுத்தும், அதற்கும் கீழே "டைரக்டர்" என்ற சொல்லும் இருக்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் கையில் இல்லை என்று வெறும் கையெழுத்துப் போட்டுப் புரோநோட்டைக் கொடுத்தால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி, இன்னாருக்காகப் போடுகிறேன் என்று காட்டாதவர் சொந்தமாகவே பொறுப்பாவார். ஆர்டர் படிவம், வாடகை ஒப்பந்தம், பாக்கி ஒப்புதல் கடிதம் எல்லாவற்றிலும் இந்த மூன்று வரிப் பழக்கத்தை விடக் கூடாது. கம்பெனி பதிவாகும் முன்பே "கம்பெனிக்காக" போடும் ஒப்பந்தங்களும் போட்டவர் தலையில் நிற்கக் கூடும்.

அடுத்தது ஜாமீன் கையெழுத்து. சிறிய கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி டைரக்டர்களின் தனிப்பட்ட ஜாமீனைக் கேட்பது வழக்கம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். முதலில் கம்பெனியிடம் கேள், பிறகு என்னிடம் வா என்று சொல்ல முடியாது. கம்பெனி திவால் நடைமுறையில் தீர்வுத் திட்டம் ஏற்கப்பட்டாலும் ஜாமீன்தாரர் தானாக விடுபட மாட்டார் என்பதை உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் உறுதி செய்தது. ஆக, வரம்புள்ள பொறுப்பு வேண்டும் என்று கம்பெனி தொடங்கியவர், அந்த ஒரு தாளில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இரண்டாவது டைரக்டராக இருக்கும் மனைவியிடமும் அதே மேசையில் அதே காகிதக் கட்டில் கையெழுத்து வாங்குவார்கள். ஜாமீனைத் தவிர்க்க முடியாவிட்டாலும் சில விஷயங்களைக் கேட்டுப் பார்க்கலாம்: தொகைக்கு உச்ச வரம்பு, நடத்தாத டைரக்டருக்கு விலக்கு, கடன் லிமிட்டை உயர்த்தும்போது புதுச் சம்மதம். அந்தக் காகிதக் கட்டில், ஜாமீன்தாரர் தன் உரிமைகளை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் பத்திகளைப் படியுங்கள். கடன் நிபந்தனையைச் சம்மதமில்லாமல் மாற்றினால் ஜாமீன்தாரர் அதற்குப் பிந்தைய பரிவர்த்தனைகளுக்கு விடுபடுவார் என்று அதே சட்டத்தின் 133-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பை அந்தப் பத்திகள் எடுத்துவிடும்.

டைரக்டர் பதவியிலிருந்து விலகினால் ஜாமீன் விலகாது. தொடரும் ஜாமீனை, இனி வரும் பரிவர்த்தனைகளுக்கு மட்டும், வங்கிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து ரத்து செய்யலாம். அன்றைய பாக்கி எவ்வளவு என்று வங்கியிடம் எழுதி வாங்குங்கள்.

வரியில், பிரைவேட் கம்பெனியிடமிருந்து வசூலாகாத ஜிஎஸ்டிக்கு, அந்தக் காலத்தில் டைரக்டராக இருந்தவர்கள் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 89-ஆம் பிரிவுப்படி சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு. தன் கடும் அலட்சியத்தாலோ கடமை மீறலாலோ அது வசூலாகாமல் போகவில்லை என்று நிரூபிக்க வேண்டியது டைரக்டர்தான். வருமான வரியிலும் இதே போன்ற விதி உண்டு. ஊழியர் சம்பளத்தில் பிடித்த பிஎஃப், பிடித்த டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) ஆகியவற்றைக் கட்டாமல் சரக்குக்குத் திருப்பிவிடுவது இதையெல்லாம்விட மோசம். அது அடுத்தவர் பணம். குற்ற வழக்கு வரை போகும். பணத் தட்டுப்பாட்டில் எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

செக் வழக்கில், நடத்துவதில் பொறுப்பில்லாத டைரக்டருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. செக்கில் கையெழுத்துப் போட்டவரும் மேனேஜிங் டைரக்டரும் தவிர மற்றவர்கள் மீது, தொழிலை நடத்தும் பொறுப்பு அவர்களுக்கு இருந்தது என்று புகாரில் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "பேருக்கு" டைரக்டரானவர் செக் கையெழுத்து அதிகாரத்தை வாங்காமல் இருப்பதே அவர் தனக்குச் செய்துகொள்ளும் பெரிய உதவி.

தாக்கல் விஷயத்தில் சட்டம் யாருக்கும் இரங்காது. ஆண்டுப் பொதுக்குழு முடிந்த 30 நாளுக்குள் கணக்கறிக்கைக்கான ஏஓசி-4 படிவம், 60 நாளுக்குள் ஆண்டு ரிட்டர்ன்; தாமதித்தால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். மூன்று ஆண்டு தொடர்ந்து விட்டால் அந்தக் கம்பெனியின் டைரக்டர்கள் எல்லோரும் 5 ஆண்டுக்குத் தகுதியிழப்பார்கள். 2017-ல் இப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தகுதியிழந்தார்கள். ஓடாத கம்பெனியில் பெயரைக் கொடுத்துவிட்டு மறந்தவரும், ஓடும் இன்னொரு கம்பெனியில் தன் பதவியை இழக்கும் நிலை அதில் வந்தது.

விலகுபவர் ராஜினாமாவை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்ப வேண்டும். கம்பெனிக்குக் கிடைத்த நாள் அல்லது கடிதத்தில் குறித்த நாள், எது பிந்தியதோ அன்று அது நடைமுறைக்கு வரும். கம்பெனி 30 நாளுக்குள் டைரக்டர் மாற்றத்தைத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாமல் இழுத்தடித்தால் விலகியவரே டிஐஆர்-11 படிவத்தைத் தாக்கல் செய்யலாம். இந்த வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஏற்கெனவே எங்கோ பெயரைக் கொடுத்துவிட்டு, எங்கெல்லாம் அது இருக்கிறது என்று தெரியாமல் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி போர்ட்டலில் பான் எண்ணைக் கொடுத்துத் தேடினால் அந்தப் பானில் எடுக்கப்பட்ட பதிவுகள் தெரியும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கம்பெனியின் பெயரைத் தேடினால் இப்போது யார் யார் டைரக்டர் என்று தெரியும். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் தன் பெயரில் உள்ள கடன்களோடு, ஜாமீன் போட்ட கடன்களும் வரும். வருமான வரித் தளத்தின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் நீங்கள் அறியாத விற்றுமுதல் ஏதாவது தெரிந்தால், அதைக் கேட்க வேண்டிய ஆளை அன்றைக்கே கூப்பிட்டுப் பேசுங்கள்.